பென் நெவிஸ் வரை ஏறியவன்

மீன் கழுவும் தண்ணீரின் சளசளப்போடும் சூடை மீனின் கவிச்சியோடும்தான் தேம்ஸ் ஆறு எங்கள் சமையலறையான "குசினி"க்குள் ஓடிவந்தது. அன்புவழிபுரத்து வீட்டில் சட்டியின் முன் குந்தியிருந்தபடி அம்மா கேட்பார்: "பிரித்தானியாவில ஆக நீளமான ஆறு?"

வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருக்கும் அண்ணன், "செவேர்ன். தேம்ஸ் ரெண்டாவது" என்பான்.

"உயரமான மலை?"

"பென் நெவிஸ். ஸ்கொட்லாந்து."

"அதில ஏறி நிண்டு கூப்பிட்டா எனக்குக் கேக்குமோ?"

"அது பாடத்தில இல்லையே அம்மா!"

அண்ணனை உயிரோடு நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதற்கான பாடம் அது. சண்டைக் காலம். சோதனைக்கென்று பேருந்திலிருந்து இறக்கப்பட்ட அவன் வயதுப் பொடியன்கள் மறுபடி ஏறாமலே போய்க்கொண்டிருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் "ஏஜென்சிக்காரரை" அம்மா பிடித்தார். லண்டன்வாசி ஒருவரின் பாஸ்போட்டில் "தலை மாற்றி", அதாவது அவர் படத்தை உரித்து அண்ணனின் படத்தை ஒட்டித் தருவது ஏஜென்சிக்காரர் வேலை. விமான நிலையத்தில் மறித்துக் கேட்டால் அங்கேயே வளர்ந்தவன்போல் பதில் சொல்வது அண்ணன் வேலை. "டக்கெண்டு சொல்லவேணும் தம்பி, யோசிச்சீரெண்டா முடிஞ்சுது" என்றார் அவர்.

ஆகவே நாங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. என் பள்ளித் தேசப்படத்திலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் நான் வாசிக்க, அம்மா மனப்பாடம் செய்ய, கப்பலுக்கு வழிவிட்டு இரண்டாகப் பிளந்து எழும் பாலமும், பிக் பென் என்பது உண்மையில் மணியின் பெயரே என்பதும், விண்டமியர் ஏரியும், வெட்டவெளியில் வட்டமாய் நிற்கும் கற்களும் எங்கள் சோற்றுக்கோப்பைகளைச் சுற்றி நின்றன. "பிறந்ததிலிருந்து இந்தத் துறைமுகத்தைத்தான் பாக்கிறன், இதைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டினமோ?" என்று அண்ணன் அலுத்துக்கொள்வான்.

வழியில் ஏதோவொரு நாட்டு விமான நிலையத்தில் அதிகாரி கேட்டது சின்னக் கேள்வி: லண்டனில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? எங்கள் பள்ளிக்கூடங்களில் கேள்வி விழுந்தால் எழுந்து, காலைச் சேர்த்து, கையைக் கட்டி, ஒரே மூச்சில் ஒப்புவிக்க வேண்டும். அண்ணன் அப்படியே நின்றான். பாலம் விரியும் விதத்தையும், கேட்காத ஆறுகளையும், மலையின் உயரத்தையும் சொல்லிக்கொண்டே போனான். தன் ஊரைப் பற்றி எவன் கைகட்டி நின்று ஒப்புவிப்பான்?

திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பென் நெவிஸ் வரைக்கும் ஏறிட்டன் அம்மா, அதுக்குப் பிறகுதான் பிடிச்சவங்கள்" என்று வந்து சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. வேறு பாதை பார்ப்பதாக ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்த நாட்களில், குச்சவெளிக்குப் போன பேருந்தைக் கடற்கரை வீதிச் சோதனைச் சாவடியில் மறித்து அவனை இறக்கினார்கள். பேருந்து திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

இப்போது அந்தக் கடற்கரை வீதியில் சோதனைச் சாவடி இல்லை, விடுதிகள் இருக்கின்றன; வெள்ளைக்காரர்கள் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் போராடும், காணாமல் போனவர்களின் தாய்மாரோடு அம்மா தெருவோரம் அமர்கிறார். "கொஞ்சம் குறைச்சுப் படிப்பிச்சிருக்கலாம் பிள்ளை" என்று என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். விசாரணைக்கென்று அவ்வப்போது யாராவது வருவார்கள். மகனின் பெயர் என்ன, கடைசியாக எங்கே கண்டது என்று கேட்பார்கள். அம்மா நேரம் எடுத்து யோசிக்கிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். அவன் சைக்கிளைப் பற்றியோ சிரிப்பைப் பற்றியோ அதற்குமேல் ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வருவதில்லை.