என் தோளும் கோயம்புத்தூர்க்காரியும்

என் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனாலும் இந்தத் திருவண்ணாமலையில் அவளுக்கு வழி சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நிமிர்ந்துதான் நடப்பேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றும்போது அவள் கை என் தோளில் இருக்கும். "மேடு", "பள்ளம்" என்று நான் சொல்லிக்கொண்டே போவேன்.

இப்போது சாயங்காலமானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். பாடிப் பதிவு செய்த பாட்டை வெட்டி ஒட்டுகிற சாஃப்ட்வேராம். ஆன்லைனில் ஒரு கூட்டம் சேரும். அத்தனை பேரும் பார்வை இல்லாதவர்கள். ஒருத்தருக்குத் தெரிந்ததை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே கடகடவென்று வாசிக்கும், எனக்கு ஒரு சொல் விளங்காது. திரை வெளிச்சத்தையும் அணைத்து வைத்துவிடுவாள். கண் இருந்தும் நான் பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

ஒருநாள் அவள் திணறுகிறாளே என்று வெளிச்சத்தைப் போடச் சொல்லிப் பார்த்தேன்.

"அந்த மூலையில செவப்பா ஒண்ணு கீது பாரு, அத அழுத்துடி."

"செவப்புன்னா எனக்கு இன்னாக்கா தெரியும்?"

அதற்குள் லைனில் இருந்த கோயம்புத்தூர்க்காரி, "ஏனுங்க, டேப் கீய மூணு தடவ தட்டிட்டு என்டர் அடிங்க" என்றாள். பாட்டு ஓடியது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவள்தான் என் தங்கைக்கு ஜாஸ்தி சொல்லிக்கொடுப்பவள். போன பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற பஸ் ஏறி வந்தே விட்டாள்.

"அக்கா, உன் இன்னொரு தோள அவங்களுக்குக் குடேன்" என்றாள் தங்கை.

"அந்தத் தோளு வலிக்குதுடி."

ஒரு வலியும் இல்லை.

"சரி, அவங்க என் தோளப் புடிச்சுக்கட்டும்."

வெயில் தாழக் கிளம்பினோம். முன்னால் நான், நடுவில் தங்கை, கடைசியில் அவள். நான் "மேடு" என்றால் தங்கை திரும்பி அவளுக்கு "மேடு" என்பாள். என் வார்த்தையையும் பங்கு போட்டாயிற்று. மீதி நேரமெல்லாம் பாட்டு நடுவில் வருகிற இருமலை எப்படி வெட்டுவது என்கிற பேச்சுதான். தங்கையின் கை என் தோளில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அடி அண்ணாமலைக் கோயிலைத் தாண்டினோம். ரோடு சமமாக இருந்தது.

"பெரிய பள்ளம்!" என்றேன்.

பேச்சு நின்றது. தங்கை ஐந்து விரலாலும் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். காலால் தடவித் தடவி நடந்தாள்.

"எங்கக்கா பள்ளம்?"

"தாண்டியாச்சு. பேசாம நட."