உப்புத் தண்ணீரில் நுரைத்த சோப்பு

டெலானிபூரில் சிறுதொழில் செய்கிறவர்களின் ஞாயிறு கூட்டத்துக்கு இன்று மறுபடியும் போனேன்.

போன மாதம் என் தேங்காயெண்ணெய் சோப்பை அங்கே ஆளுக்கொரு துண்டு கொடுத்து, அதன் மணத்தையும் பளபளப்பையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். சௌல்தாரி ஊரிலிருந்து வந்து மூங்கில் நாற்காலி செய்கிறவரை நாங்கள் தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம். அவர், "பஹன்ஜி, இது பஜார் இல்லே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மரைன் ஹில் ஏற்றம் முழுக்க அழுதுகொண்டே வீடு வந்தேன்.

இன்று எதையும் விற்கப் போகவில்லை. "அன்னிக்குக் குடுத்த துண்டுல என்ன குறை? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"சீக்கிரமா கரைஞ்சு போவுது அக்கா," என்றாள் வலை பின்னும் செபஸ்தியம்மாள். குறித்துக்கொண்டேன்.

தாதா கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் அரைத் தமிழில் சொன்னார்: "பைப்ல பானி வரலே. சமுந்தர், கடல் தண்ணியிலே குளிச்சேன். வேற சாபுன் நுரைக்காது. இது நுரைக்குது."

செபஸ்தியம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு நாலு கட்டி குடுக்கா. படகுல நல்ல தண்ணிக்கு எங்க போவாரு?"

தினமும் கடலைப் பார்த்துக்கொண்டேதான் சோப்புக் காய்ச்சுகிறேன். ஒரு நாளாவது அந்தத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறேனா?

வாசகசாலைப் பலகையில் இந்தத் தாளை ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலும் கட்டியிருக்கிறேன். சோப்பு வாங்கியவர்கள் குறையைக் கீழே எழுதுங்கள். பாராட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இடம் குறைவாக இருக்கிறது.