நகரா அடிப்பதற்கு முன்

ஒரு பொய்யைச் சொல்லிக் கோப்பை வாங்கிக் கொடுக்கலாம் என்று எட்டு வயதில் நான் நம்பினேன். வாங்கியும் கொடுத்தேன் என்பதுதான் வேடிக்கை.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் அப்போது ஆளுக்கொரு மூலை. ஒரு பக்கம் பச்சைத் திரை கட்டிய டென்னிஸ் கிளப். அங்கே பெரிய அதிகாரிகள் வெள்ளை உடுப்பில் ஆடுவார்கள்; பந்து வெளியே வந்து விழுந்தால் எடுத்துக் கொடுக்க மட்டும் எங்களுக்கு அனுமதி. அடுத்து கேரம் கொட்டகை, படிப்பகம், துருப்பிடித்த சறுக்குமரம். கடைசியில், வேப்பமரங்களுக்குக் கீழே, குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் சேர்ந்து நடத்திய பூப்பந்து கிளப். மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துப் பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவது. அம்மாவின் தம்பியான என் மாமா அதில் நடு ஆட்டக்காரர்.

மூன்று வருடமாக இறுதி ஆட்டம் வரை போய், சிதம்பரத்து கிளப்பிடம் தோற்றுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். நான்காவது வருடம் அந்த ஆட்டம் நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. பெருநாள் முடிந்த ஐந்தாம் நாள் மாமா சிங்கப்பூருக்குக் கப்பலேற வேண்டும். இதை விட்டால் அவருக்கு வேறு ஆட்டம் ஏது? "நோன்ப வச்சிக்கிட்டு பந்தாட்டம் என்னாத்துக்குடா" என்று அம்மா மட்டும் சொன்னாள். சொன்ன கையோடு பேரீச்சம்பழத்தையும் தண்ணீர்ச் செம்பையும் என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

எனக்கு ஒரு வேலை இருந்தது. பள்ளிவாசலில் நகரா முரசு அடித்தால்தான் நோன்பு திறக்கலாம். ஆட்டக் கூச்சலில் அது காதில் விழாது. அதனால் நான் ரோட்டோர வேலியருகே நின்று, சத்தம் கேட்டதும் ஓடிவந்து சொல்ல வேண்டும். "ஒன் காதுதான் இன்னிக்கு எனக்குக் கடியாரம்" என்றார் மாமா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமாவின் கூட்டாளிகள் அவர் எதிரில் தண்ணீர் குடிக்கக் கூசினார்கள். ஒவ்வொருவராகக் கேரம் கொட்டகைக்குப் பின்னால் போய் சோடா குடித்து, வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். சிதம்பரத்துக்காரர்களும் அப்படியே செய்ததால், கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கட்சிக்கும் நல்ல சிநேகம் உண்டாகிவிட்டது. களத்தில் மட்டும் சிநேகம் இல்லை. ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் நாங்கள் பின்தங்கினோம். மாமாவின் உதடு வெளுத்திருந்தது. சுலபமான பந்து ஒன்றைக் கோட்டைவிட்டு, முழங்காலில் கையூன்றி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மாட்டுவண்டிச் சத்தம்தான் வந்தது. பக்கம் மாறுவதற்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள். நேராக ஓடிப்போய், "மாமா, நகரா அடிச்சிட்டாங்க" என்றேன்.

"நீயே கேட்டியாம்மா?"

"கேட்டேன் மாமா."

மரங்கள் மறைத்ததில் சூரியன் இருந்த இடம் தெரியவில்லை. மாமா பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டு, செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

அதற்குப் பிறகு மாமா வேறு ஆளாக மாறி ஆடினார். அடுத்தடுத்து நான்கு புள்ளி எடுத்தார். கணக்கு சமமானபோது கூட்டம் கப்சிப்பென்று நின்றது. அப்போது பார்த்து நகரா அடித்தது. மைதானம் முழுவதும் கேட்டது.

மாமாவின் மட்டை தாழ்ந்தது. பக்கத்தில் நின்றவர், "என்னா மச்சான், இப்பதான அடிக்கிறாங்க?" என்றார்.

மாமா என் பக்கம் திரும்பவில்லை. "வேற எங்கியோ அடிச்சத காத்து கொண்டாந்திருக்கும். சின்னப் புள்ள, அதுக்கு என்னா தெரியும். நீ சர்வீஸ் போடு" என்றார்.

ஜெயித்தோம். என்னை சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து, கோப்பையை என் மடியில் கொடுத்தார். வழியில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோப்பை பளபளவென்று இருந்தது. இரண்டு நாளில் பயம் போய்விட்டது.

பெருநாள் கழிந்து, பயணத்துக்கு முந்தின நாள், அம்மா விடிந்ததிலிருந்து அடுப்பை விட்டு நகராமல் பிரியாணி ஆக்கினாள். இனி எப்போது தம்பிக்குத் தன் கையால் போடப்போகிறோமோ என்ற ஏக்கம் அவளுக்கு. மாமா சாப்பிட வரவே இல்லை.

"வயிறு சரியில்லக்கா. பொழுது போனப்புறம் சாப்புடறேன், எடுத்து வையி."

"ஊருக்குப் போறவன் ஒரு வாய் துன்னாதான் என்னா" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

முறிந்த நோன்புக்கு ஈடாக இன்னொரு நாள் நோன்பு வைக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதை மாமா தன் அக்காவிடம் சொன்னால், எப்படி முறிந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் தெரியாது. மாமாவுக்கு நிஜமாகவே வயிற்றுவலி என்றுதான் நினைத்தேன். அவருக்கென்று அம்மா எடுத்து வைத்த பெரிய கறித்துண்டை, அடம்பிடித்துக் கேட்டு வாங்கி நானே தின்றேன்.