டேப் சுற்றுவதற்கு முன்

காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். காருக்குள் ஓடும் மின்கம்பிகளைப் பலகையில் பரப்பி, முனைகளைப் பிளக்கில் செருகி, டேப் சுற்றி ஒரே கட்டாக்குவோம். பல வருடங்களாக எனக்குத் தெரிந்தது டேப் சுற்றுவது மட்டும்தான்.

புதிதாக வந்த மேனேஜர், வாரம் ஒரு மணி நேரம் எல்லோரும் வேறு மேசை வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. என்னைச் சோதனை மேசைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவள் என் வயதுக்காரி, நெசவுக் குடும்பம். நாங்கள் முடித்து அனுப்பிய கட்டு ஒன்றை மெஷினில் மாட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கம்பி இடம் மாறிக்கீதும்மா. டேப்பெல்லாம் பிரிக்கணும்."

நான் இறுக்கிச் சுற்றியதை அவள் கத்தரியால் வெட்டத் தொடங்கியதும் கேட்டேன்.

"தெனமும் இப்படித்தானா?"

"தெனமும்தான். எங்க வூட்ல தறியில இழை அறுந்தா அப்பவே முடி போட்டுட்டுத்தான் மேல நெய்வாங்க. இங்க புடவைய மடிச்சப்புறம் தேடிக்கினு இருக்கோம்."

அந்தப் பேச்சு மனதிலேயே நின்றது. மெஷினை நானே ஓட்டப் பழகியபோது ஒன்று புரிந்தது. முனைகளை மாட்டினால் போதும், சோதனைக்கு டேப் தேவையே இல்லை. இருவரும் இன்ஜினியரிடம் போனோம். நான் கேட்டேன்.

"சார், டேப் சுத்தறதுக்கு முன்னாடி பலகை மேலயே டெஸ்ட் பண்ணலாமா?"

"சுத்தும்போது முனை கழண்டா என்னம்மா பண்றது?"

"கடைசி டெஸ்டும் இருக்கட்டும் சார். இடம் மாறினது முன்னாடியே தெரிஞ்சிடும் இல்ல."

அவர் யோசித்தார். மறுவாரமே ஒரு பலகையில், கம்பி இடம் மாறினால் எரியும் சின்ன விளக்குகளைப் பொருத்திக் கொண்டுவந்தார். டேப் சுற்றும் கை அவற்றில் இடித்தது. என் கை எந்த வழியாகப் போய் வருகிறது என்று சுற்றிக் காட்டினேன். விளக்குகளைப் பலகையின் ஓரத்துக்கு மாற்றினார். அதன் பிறகு கட்டைப் பிரிக்கும் வேலை அரிதாகிவிட்டது. எல்லாப் பலகைகளிலும் அதையே பொருத்தினார்கள்.

ஒருநாள் கார் கம்பெனியிலிருந்து பார்வையிட வந்தவர்கள், இது யாருடைய யோசனை என்று கேட்டார்கள். இன்ஜினியர் எங்கள் இருவரையும் முன்னால் வரச்சொன்னார். அவள் என் கையை அழுத்தி, "நீயே சொல்லும்மா" என்றாள். எதற்காக, எப்படி என்று முழுவதும் சொன்னேன். அன்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் அதை மறுபடியும் சொன்னேன். இறங்கும் இடம் வரும்வரை நிறுத்தவில்லை.