பல்லைப் பார்க்காத தரகர்

ஜெயமங்கலத்துப் பிச்சைமணிக்குக் கை சும்மா இருக்காது. எதிரே ஒரு மாடு வந்தால் போதும், வலது கை தானாகப் போய் அதன் தாடையைப் பிடித்துவிடும். அவர் மாட்டுத் தரகர். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வதுதான் பிழைப்பு. கோயில் மாடு, கல்யாண வீட்டு வாசலில் கட்டிய மாடு, ரோட்டை மறித்து நிற்கும் மாடு எதுவும் அவரிடம் தப்பியதில்லை. ராக்கம்மாளைப் பெண் பார்க்கப் போன இடத்திலும், "பொண்ணக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லியே ராக்கம்மாள் இன்றுவரை காரியம் சாதித்துக்கொள்கிறாள்.

இத்தனை மாடுகளைக் கைமாற்றிவிட்டவர் வீட்டில் ஒரு மாடு கிடையாது. கட்டி வைத்தால் அதற்கும் விலை பேசிவிடுவோம் என்ற பயம்.

மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் அவர் வாங்குவது தேனி கடைவீதியில், இவாஞ்சலின் அக்காவின் கயிற்றுக் கடையில். கணவர் போன பிறகு அக்கா ஒற்றை ஆளாய் நடத்திய கடை. இப்போது மகள் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டுவிட்டாள். அங்கே நாலாவது மாடியில் வீடு. கடையை ஒருவரிடம் ஒப்படைத்தாயிற்று. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பசு ரோஸியை என்ன செய்வது?

"விக்க மனசு வரல பிச்சைமணி. வாங்குறவன் அடிமாடாக் கேரளா லாரியில ஏத்திட்டான்னா? நீங்க சும்மா கூட்டிட்டுப் போங்க. ஆனா நீங்களேதான் வச்சுக்கிறணும்."

"சும்மாவாக்கா?" பிச்சைமணி தடுமாறிப் போனார். அவர் தொழிலில் அந்த வார்த்தையே கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ராக்கம்மாளுக்கு முதலில் வந்த கவலை அவருடைய வலது கையைப் பற்றித்தான்.

"தானங் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாக. அந்தக்கா மனசு நோகும். கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பீகளா?"

"நா என்ன சின்னப் புள்ளையா?"

மறுநாள் காலை ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துக்கொண்டு போனார். ரோஸி குளித்து, கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு நின்றது. பிச்சைமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கொம்பில் உள்ள வளையங்களும் வயதைச் சொல்லிவிடும் என்பதால் கண்ணைத் திருப்பித் தென்னை மரத்தைப் பார்த்தார். ரோஸி நெருங்கி வந்து அவர் தோளில் மூக்கை வைத்தது. அப்போதும் அசையவில்லை. அது வாயைப் பிளந்து ஒரு கத்துக் கத்தியது. பிச்சைமணி இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது இவாஞ்சலின் அக்காவின் முகம் வாடியிருந்தது.

"பாக்கலையா பிச்சைமணி?"

"எதக்கா?"

"பல்லத்தான். தெருவுல போற மாட்டையெல்லாம் வாயத் தொறந்து பாக்குறீக. எங்க ரோஸிய மட்டும் தொடக்கூட மாட்டேங்கிறீக. கெழட்டு மாடு, இதுல பாக்க என்ன இருக்குன்னு நெனச்சுட்டீக."

"ஐயோ, அப்படி இல்லக்கா. தானமாக் குடுத்த மாட்ட…"

"தானமா? யாரு தானங் குடுத்தது? எம்புள்ளைய உங்க கையில ஒப்படைக்கிறேன். நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்ல மாட்டீகளா?"

அதற்கு மேல் அவர் கையை யாரும் பிடித்து நிறுத்த முடியாது. ஒரே நொடியில் தாடையைப் பிடித்து உதட்டை விலக்கினார். கீழ்வரிசைப் பற்கள் தேய்ந்து, உடைந்த புளியங்கொட்டைகள் மாதிரி இருந்தன. ஓரத்தில் ஒன்று ஆடியது. இதைவிட மோசமான வாயைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நாலாம் பல்லு, எளமாடு" என்று சந்தையில் கூசாமல் சொன்னவர்தான். இன்றைக்கு அந்தப் பொய் நாக்கில் ஏறவில்லை.

"வயசாகிருச்சுக்கா. ஒரு பல்லு ஆடுது. சோளத்தட்டைய முழுசாப் போட்டா மெல்ல முடியாது. பொடிசா நறுக்கிப் போடணும்."

இவாஞ்சலின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அதுனாலதான் சரியாத் திங்க மாட்டேங்குதா! நான் ஊரைவிட்டுப் போறது தெரிஞ்சு ஏங்குதுன்னுல்ல நெனச்சேன். தெனமும் ஜெபம் வேற பண்ணிக்கிட்டிருந்தேன்!"

சிரிப்பு முதலில் வந்தது, அழுகை பின்னால் வந்தது. பிச்சைமணி மறுபடியும் தென்னை மரத்தைப் பார்த்தார்.

ஜெயமங்கலத்தில் வண்டி நின்றதும் ராக்கம்மாள் கேட்டாள், "கைய அடக்கிக்கிட்டு இருந்தீகளா?"

"பாத்துட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நடந்ததை முழுதும் கேட்ட பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு தட்டை நறுக்க உட்கார்ந்தாள்.

ரோஸியிடம் பால் கிடையாது. சாணம் உண்டு. தின்பதற்கும் குறைவில்லை. சந்தையில், "தரகரே, எப்ப விக்கப் போறீக?" என்று கேலி பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கோயம்புத்தூரிலிருந்து வீடியோ கால் வந்துவிடுகிறது. போனை எடுத்ததும், "தின்னுச்சா? எளச்ச மாதிரித் தெரியுதே?" என்று இவாஞ்சலின் அக்கா ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ராக்கம்மாளுக்குத்தான் கோபம் வருகிறது.

"எக்கா, நானும் ஒருத்தி இங்கன நிக்கிறேன். நான் தின்னேனான்னு என்னைக்காவது கேட்டீகளா?"