படம் இறங்கிக்கொண்டிருந்தபோது

போன் எங்கேஜ்டாக இருந்தால் இன்றும் நான் செருப்பைத் தேடுவேன். இதைச் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவள் பள்ளியில் ஓவிய வகுப்பு நின்றுபோகப் பார்த்தது என் ஒருவனால்தான்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிது. திருவொற்றியூரில் குடியிருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். அந்த வருடம் முழுக்க இரண்டாம் ஷிப்ட். மகள் ஏழாம் வகுப்பு. எங்கள் பக்கத்தில் கடிகாரம் இல்லாமலே காலம் தள்ளலாம். எந்தக் கம்பெனிச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்பது குழந்தைகளுக்குக்கூட அத்துப்படி. ஆறு மணிச் சங்குக்குப் பால் காய்ச்ச வேண்டும், இரண்டரை மணிச் சங்குக்கு நான் கேட்டுக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஒரு வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்கு ஒரு சங்கு விட்டு விட்டு ஊதியபோது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்துக்கு எந்தச் சங்கும் கிடையாது.

“கேஸு லீக்கு” என்றார் எதிர்வீட்டுக்காரர். வாடை வருகிறது என்றார் அவர் மனைவி. வாடை எங்கள் ஊரில் என்றைக்கும் வரும். அன்றைக்குத்தான் எல்லோரும் நின்று முகர்ந்து பார்த்தோம்.

நானும் மனைவியும் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். பள்ளிக்கு போன் போட்டேன். எங்கேஜ்டு. திரும்பப் போட்டேன். எங்கேஜ்டு. பத்து நிமிடம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

“இன்னா சார், கெடைக்கலியா?” என்றார் பூத்துக்காரர்.

“எங்கேஜ்டு.”

“அப்ப கன்ஃபார்ம். ஊரே ஸ்கூலுக்கு போன் போட்டுக்கினு கீதுன்னா இன்னா அர்த்தம்? அங்க இன்னாமோ ஆயிடுச்சு.”

“வாயக் கழுவுய்யா” என்றாள் மனைவி. என் பக்கம் திரும்பி, “நீங்க ஏன் இன்னும் நிக்கிறீங்க? ஓடுங்க. புள்ளையப் பாத்ததும் இந்த நம்பருக்கே போன் பண்ணுங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

இப்படி ஒரு ஆபத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனியில் வருடா வருடம் பயிற்சி கொடுப்பார்கள். ஈரத் துணியால் மூக்கை மூடு, காற்றுக்குக் குறுக்கே ஓடு. பூத்துக்காரரின் குடத்தில் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டேன். குறுக்கே ஓடத்தான் வழியில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ரயில் பாதை. பள்ளியோ காற்று வரும் திசையிலேயே இருந்தது. எதிர்காற்றில் ஓடினேன். ஈரத்துண்டோடு ஒருவன் ஓடினால் எங்கள் ஊரில் காரணம் கேட்க மாட்டார்கள். தாங்களும் துண்டை நனைத்துக்கொண்டு பின்னால் வருவார்கள். பள்ளியை அடைந்தபோது ஏழெட்டுப் பேராகியிருந்தோம். வாட்ச்மேன் மற்றவர்களை மறித்த இடைவெளியில் நான் உள்ளே நுழைந்து, போன் இருக்கும் தலைமையாசிரியர் அறைக் கதவைத் தள்ளினேன்.

முப்பது குழந்தைகள் தரையில் குப்புறக் கிடந்தார்கள்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு தலை நிமிர்ந்தது. அடுத்து இன்னொன்று. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஓவிய நோட்டு.

“அப்பா?” என்றாள் என் மகள். உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல முகத்தை நோட்டில் புதைத்துக்கொண்டாள்.

ஓவிய ஆசிரியை, இளம் பெண், உதட்டில் விரலை வைத்தார். “சார், மெதுவா. முக்கால் மணி நேரமா படம் இறங்கிட்டிருக்கு.”

பள்ளியிலேயே ஒரே கம்ப்யூட்டர் அந்த அறையில்தான் இருந்தது. ஏதோ வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் ஓவியம் ஒன்று இன்டர்நெட்டில் மேலிருந்து ஒவ்வொரு கோடாக வந்துகொண்டிருந்தது. வந்த அளவுக்குப் பார்த்து வரைய வேண்டும். அடுத்து என்ன வரும் என்று யோசித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதுதான் வகுப்பு. அதுவரை வானமும் மேகமும், மேகத்துக்குக் கீழே இரண்டு கூர்முனைகளும் வந்திருந்தன.

“சிமினி மிஸ்” என்றாள் ஒரு சிறுமி.

“இன்னா பந்தயம்? ஆர்பர்ல கப்பல் சரக்கு தூக்குற கிரேன்டி அது” என்றாள் பக்கத்தில் கிடந்தவள்.

மனைவி பூத்தில் நிற்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேசைமேல் போன் இருந்தது. எடுத்தேன். கொதிக்கும் எண்ணெயில் கடுகைக் கொட்டியதுபோல காதுக்குள் ஓர் இரைச்சல். “ஐயோ சார்!” என்றார் ஆசிரியை. படம் நின்றுவிட்டது. இன்டர்நெட்டும் அந்தப் போன் கம்பி வழியாகத்தான் வருகிறது என்பது எனக்கு எங்கே தெரியும்?

“போச்சு!” என்றது முப்பது வாய். “யாரு மிஸ் இந்த அங்கிள்?” என்றது ஒரு வாய். என் மகள் நோட்டுக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்தாள்.

தலைமையாசிரியர் வந்தார். “புதுச் சங்கு மாட்டி ஊதிப் பாக்கறாங்க. காலைலயே கம்பெனி ஆளு வந்து எங்களுக்குச் சொல்லிட்டுப் போனார். அது தெரியாம கேட்டுல கூட்டம், ஸ்கூல் போன் கிடைக்கலன்னு.” ஆசிரியையைப் பார்த்தார். “போன் விஷயமா ஒரே ஒரு பேரன்ட் புகார் சொன்னாலும் இந்த கிளாஸ நிறுத்திடுவேன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா?” பிறகு என்னிடம், “உங்க புகாரைச் சொல்லுங்க சார்.”

புகார் தொண்டைவரை வந்துவிட்டது. நாளைக்கே நிஜமாக ஏதாவது கசிந்தால்? ஆசிரியை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தாள்.

“புகார்லாம் ஒண்ணுமில்ல சார்.”

“அப்ப முகத்துல எதுக்கு ஈரத் துண்டு?”

“வெயிலு சார்.”

வகுப்பே சிரித்தது. ஆனால் பயம் என்னை விடவில்லை. எதிர் டீக்கடையில் போன் இருப்பதாகவும், அந்த நம்பரைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டால் வியாழக்கிழமைகளில் வகுப்பு முடியும்வரை நானே அங்கே உட்கார்ந்து பதில் சொல்வதாகவும் அவசர அவசரமாகச் சொன்னேன்.

“எல்லா வியாழக்கிழமையுமா?” என்றார் தலைமையாசிரியர்.

“ரெண்டரை வரைக்கும் நான் சும்மாதான் சார் இருக்கேன்.”

அவர் என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்றார். ஆசிரியை மறுபடி இணைப்புக் கொடுத்தார். படம் மறுபடி வானத்திலிருந்து தொடங்கியது. மனைவிக்கு நான் போன் செய்யவே இல்லை. பூத்துக்காரரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அவளே வந்து சேர்ந்தாள். பள்ளி வாசலில் வைத்து அவள் என்னிடம் பேசியதை எழுத முடியாது.

அடுத்த வியாழன் டீக்கடையில் உட்கார்ந்தேன். பாதி டீயில் போன் அடித்தது. காத்திவாக்கத்திலிருந்து ஒரு அம்மா.

“ஸ்கூல் போன் எங்கேஜ்டாவே கீது. அங்க இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலம்மா. புள்ளைங்க படம் வரையுதுங்க.”

“படம் வரைய எதுக்கு போனு?”

“படம் போன் கம்பி வழியாத்தாம்மா வருது.”

“நைனா, காலைலயே சரக்கு போட்டுக்கினு கீறியா?”

“இல்லம்மா. நானும் அங்க படிக்க ஒரு புள்ளைய உட்டவன்தான்.”

“நெசமாவே ஒண்ணும் இல்லியே?”

“நெசமா” என்றேன், தெம்பாக.

போனை வைத்ததும், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சாலையைக் கடந்து அந்த அறையின் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எல்லோரும் குப்புறத்தான் கிடந்தார்கள். முதுகுகள் ஏறி இறங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினேழாவது முதுகு என் மகளுடையது. அவள் தலையைத் திருப்பவே இல்லை. பென்சில் பிடித்த கையை மட்டும் பின்பக்கம் நீட்டி, போங்க, போங்க என்று ஆட்டினாள்.