வெயிலில் நிற்காத மஞ்சள்

அப்பாவுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொழில். புதிதாகக் கூட்டிய சாயம் எதுவானாலும், ஒரு கழி பட்டு நூலை அதில் நனைத்து மொட்டைமாடி வெயிலில் அரைநாள் போட்டுப் பார்க்காமல் நெசவுக்காரர் கையில் கொடுக்கமாட்டார். வெளுத்தால் அந்தச் சாயம் கால்வாய்க்குப் போகும். இதில் அவர் யார் முகத்துக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் பங்குக்கு வந்தது ஃபிளேவின். பி2 வைட்டமின் அந்த வகைதான். தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீரில் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரிவது அதுதான். நான் கலந்துபார்த்த உலோக உப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது அசைந்துகொடுக்கவில்லை. வெள்ளி உப்பு சேர்ந்ததும் சிவந்தது. ஜரிகைக்குள் இருக்கும் அதே வெள்ளி. ஆனால் வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் ஃபிளேவின் சிதைந்துவிடும், பிறகு எவ்வளவு வெள்ளி ஊற்றினாலும் சிவக்காது.

அந்தச் சிவப்பை அளக்கும் கருவி கல்லூரியில் ஒன்றுதான் இருந்தது. எனக்கு அதை ஒரு திங்கட்கிழமை ஒதுக்கியிருந்தார்கள். அன்று அளவு வராவிட்டால் உதவித்தொகை நிற்கும். அது நின்றால் செவிலிமேட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவார்கள். இந்த ஏற்பாட்டை நானும் அப்பாவும் சண்டை போட்டுத்தான் முடிவு செய்திருந்தோம்.

முந்தின நாள் எங்கள் ஊர்க் கோயிலில் கருட சேவை. விடுதியில் நம்பி வைக்க இடமில்லாததால், கறுப்புத் தாள் சுற்றிய குடுவையில் மஞ்சள் கரைசலை ஊருக்கே கொண்டுவந்திருந்தேன். பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தால் அறையில் குடுவை இல்லை. மொட்டைமாடியில், காயும் பட்டுக் கழிகளுக்கு நடுவே வெறும் தண்ணீர் போல நின்றது. கறுப்புத் தாளை மடித்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருந்தார் அப்பா. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“நாலு பேரு பாக்கற எடத்துல உன் சாயம் வெளுத்துப்போச்சின்னா உனக்குத்தாம்மா அசிங்கம். அதான் இங்கயே வச்சிப் பாத்தேன்,” என்றார். பிறகு குடுவையைப் பார்த்து, “நிக்கல,” என்றார்.

பெட்டியில், கறுப்புத் தாள் சுற்றிய ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். அளப்பதற்கு அது போதும். அவரை உள்ளறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, குண்டு பல்பைப் போட்டேன். அதில் சில சொட்டுகளைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, கூடவே கொண்டுவந்திருந்த வெள்ளி உப்பைச் சேர்த்தேன். மஞ்சள் சிவந்தது.

அப்பா குழாயை வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் வாசல் வெளிச்சத்துக்கு நடந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு திரும்பி வந்து பல்புக்கு அடியில் குழாயைத் தூக்கிப் பிடித்தார். பல்பு வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறவர்களை அவர் வாழ்நாளெல்லாம் திட்டியவர்.

“வெயில்ல பாக்காம எந்தக் கலரயும் நான் நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல,” என்றார். குழாயை இன்னொரு முறை பல்புக்குக் காட்டி, “இது நல்லாருக்குதும்மா,” என்றார்.

மறுநாள் விடியலில் பஸ் ஏறும்போது குப்பியை எடுத்துப் பார்த்தேன். கறுப்புத் தாளுக்கு மேல் இரண்டு சுற்றாகக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. அப்பாவே சாயம் போட்ட துணி, வெயிலில் வைத்துப் பார்த்தது.